ஜப்பான்காரன் காலம்: நம் ஊரில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இரண்டாம் உலகப்போர்க்கால, ஜப்பானிய ஆட்சிக்கால நினைவுகளைக் கேட்டு எழுதிவைக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். கோயில் மண்டபத்தில் பேசினாலும், இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் செஜாரா (வரலாறு) பாடவேலைக்காக வந்து உட்கார்ந்தாலும், துக்க வீட்டில் பழைய பேச்சு எழுந்தாலும், சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எது உறுதி, எது பெரும்பாலும் சரி, எது வாய்வழியாக மட்டும் வந்தது என்று முடிந்தவரை பிரித்துச் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை.

நம்ம ஊருல பெரிய சண்டை நடந்துச்சுன்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம்தான். 1942 ஜனவரி 7, விடியற்காலை. துரோலாக் பக்கமிருந்து ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலை வழியாகவே இறங்கி வந்தன. எதிரே நின்றது 11-வது இந்தியப் படைப்பிரிவு. ஹைதராபாத், பஞ்சாப் ரெஜிமெண்டுகள், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் வீரர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அப்போது மலாயாவில் பிரிட்டிஷாரிடம் டாங்கி கிடையாது. காலை எட்டரை வாக்கில் சிலிம் ஆற்றுப் பாலம் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. ஒரே காலையில் இரண்டு பிரிகேடுகள் சிதறிப்போயின. நான்கு நாள் கழித்து, ஜனவரி 11-ல், கோலாலம்பூர் விழுந்தது.

ராணுவ நூல்களில் இந்தச் சண்டையை மணிக்கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். எந்தத் திருப்பத்தில் எந்தப் படை நின்றது, எந்தப் பாலத்தில் வெடி வைத்திருந்தார்கள், எல்லாம் இருக்கிறது. குளூனி தோட்டம் என்ற பெயரும் வருகிறது. ஆனால் அந்தத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அன்று காலை யார் இருந்தார்கள், எந்தப் பக்கம் ஓடினார்கள், யார் திரும்பி வரவில்லை என்று நான் படித்த எதிலும் ஒரு வரி கிடையாது. சண்டை நடந்த மண்ணுக்குப் பெயர் இருக்கிறது, அதில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்களுக்கு இல்லை. கீழே வரும் பல பதில்கள் இந்த இடைவெளியிலேதான் வந்து நிற்கும்.

ஜப்பான்காரன் வந்தது டிசம்பர் 7-ஆ 8-ஆ? ஒவ்வொரு புத்தகத்துல ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கே?

இரண்டும் சரி. கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையேறியது நம் தேதிப்படி 1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டி. ஹவாயில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது அந்த ஊர்த் தேதிப்படி டிசம்பர் 7 காலை. நடுவில் தேதிக்கோடு ஓடுவதால் அது முந்திய நாள் போலத் தெரிகிறது. கடிகாரத்தை ஒத்துவைத்துப் பார்த்தால் கோத்தா பாருதான் முந்தி, சுமார் ஒரு மணி நேரம். பசிபிக் போரின் முதல் குண்டு கிளந்தான் கடற்கரையில் வெடித்தது என்பது நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தேதி விஷயத்தில் இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. ஆக்கிரமிப்புக் காலத்துக் காகிதங்களில், தபால்தலைகளில்கூட, 2602 என்று வருடம் இருந்தால் பயந்துவிடாதீர்கள். அது ஜப்பானிய ஆண்டுமுறை. 660-ஐக் கழித்தால் 1942 வரும். அதோடு, அந்த மூன்றரை வருடமும் மலாயா டோக்கியோ நேரத்தில்தான் ஓடியது. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். அதனால் ஒரு பாட்டி, "அப்ப காலையில எட்டு மணிக்கும் இருட்டாத்தான் இருக்கும்" என்று சொன்னால், வயசாகிவிட்டது, குழம்புகிறார் என்று நினைக்காதீர்கள். அந்தக் கடிகாரப்படி அது சரியான தகவல்.

சிங்கப்பூர் பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து இருந்துச்சு, திருப்ப முடியல, அதான் வெள்ளைக்காரன் தோத்தான். சரிதானே?

பாதிக்கும் குறைவாகத்தான் சரி. 15 அங்குலப் பெரிய பீரங்கிகள் ஐந்து இருந்தன. அவற்றில் சிலவற்றைத் திருப்ப முடியவில்லை என்பது உண்மை, மற்றவற்றைத் திருப்ப முடிந்தது. ஜொகூர் பக்கம் சுடவும் சுட்டார்கள். குறை குண்டில் இருந்தது. கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைக்கச் செய்த குண்டுகளே அதிகம். தரைப்படை மீது விழுந்தால் அவை மண்ணுக்குள் புதைந்துபோகும், ஆளை அடிக்காது.

இந்தக் கதை ஏன் சாகாமல் இருக்கிறது? ஒரே வரியில் சொல்லிவிடலாம், கேட்பவரும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். போதாத விமானம், இல்லாத டாங்கி, களைத்துப்போன படை, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கட்டளைகள் என்று உண்மையான காரணங்களை அடுக்க ஒரு மணி நேரம் வேண்டும். ஒரே காரணத்தில் முடியும் விளக்கம் எது வந்தாலும் நான் கொஞ்சம் நிதானிப்பேன்.

சயாம் ரயிலுக்குப் போன நம்ம ஆளுங்க எத்தனை பேரு, செத்தது எத்தனை பேரு? ஒரே கணக்கா சொல்லுங்க.

ஒரே கணக்காகச் சொல்ல முடியாது. ஏன் என்பதைச் சொல்கிறேன். உறுதியானது இது: சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை, 1942 நடுவில் வேலை தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல் வேலை செய்தார்கள், 12,000-க்கு மேல் இறந்தார்கள். இதில் பெரிய தகராறு இல்லை. ஆசியத் தொழிலாளர் கணக்குதான் ஆடுகிறது. பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் எல்லாரும் சேர்ந்து 180,000 முதல் 250,000 வரை என்கிறார்கள். இறப்பு சுமார் 90,000 என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. குறைத்துச் சொல்பவர்களும் கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000-க்கு மேல், அவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள்.

கணக்கு ஆடுவதற்குக் காரணம், பட்டியல் வைத்திருந்தது ஜப்பானிய ராணுவம். 1945 ஆகஸ்டில் சரணடைந்ததும் காகிதங்களை எரிக்கச் சொல்லி அவர்களுக்கு உத்தரவு வந்தது. மிஞ்சியதும் முழுசாக இல்லை. "ஓடிப்போனான்" என்று எழுதப்பட்டவர் ஊர் வந்து சேர்ந்தாரா, காட்டில் கிடந்து இறந்தாரா என்று அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. முதலில் மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போனவர்களுக்காவது ஏதோ பதிவு இருந்திருக்கும். பிறகு சாலையில் பிடித்தவர்களும், இலவசப் படம் என்று கூட்டி லாரியில் ஏற்றப்பட்டவர்களும் எந்தப் பேரேட்டில் இருப்பார்கள்?

மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 1931-ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்த்து இந்தியர் சுமார் 620,000. 1947-ல் சுமார் 600,000. பதினாறு வருடத்தில் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஆனால் குறைந்தது எல்லாம் போரால் என்று சொல்ல முடியாது. 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியா திரும்பினார்கள். 1938-ல் இந்திய அரசு தொழிலாளர் வருகையையே நிறுத்தியது. 1941-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. பெரிய காயம் ஒன்று இருக்கிறது என்று அந்த எண் காட்டுகிறது, எவ்வளவு ஆழம் என்று காட்டவில்லை. நம் மேடைகளில் ஒன்றரை லட்சம் தமிழர் செத்தார்கள் என்று சிலர் பேசுகிறார்கள். மேலே உள்ள மொத்தக் கணக்கோடு அது ஒத்துவராது. அப்படிக் கூட்டிச் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு எண் பொய்யென்று தெரிந்தால், நாம் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடக் காத்திருப்பவர்கள் உண்டு.

காஞ்சனபுரிக்குப் போயிருந்தோம். வெள்ளைக்காரனுக்கு வரிசையா கல்லறை, பேரு, வயசு. நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணுமே இல்லையே, ஏன்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. கேட்கும்போது குரல் மாறிவிடும். தாய்லாந்தில் அந்த ரயில்பாதை ஓரம் உள்ள காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 பேர் கிடக்கிறார்கள். ஒவ்வொரு சிப்பாய்க்கும் எண் இருந்தது, ரெஜிமெண்ட் இருந்தது. முகாமில் அவர்களுடைய அதிகாரிகள் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாகக் குறிப்பு எழுதினார்கள், இறந்தவனைப் புதைத்த இடத்தைக் குறித்து வைத்தார்கள். போர் முடிந்த சில வாரங்களிலேயே ஒரு குழு பாதை நெடுகப் போய்ப் புதைகுழிகளைத் தேடியது. பின்னால் ஓர் அரசாங்கம் நின்றது.

நம்மவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. கூட வந்த அதிகாரி இல்லை, மருத்துவர் அநேகமாக இல்லை, எழுதத் தெரிந்தவர் குறைவு. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாக இறந்தார்கள். எரித்தார்கள், மொத்தமாகப் புதைத்தார்கள். 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் காட்டில் தோண்டியபோது எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்தன. பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பியவர்களைக் கூப்பிட்டு விசாரித்து எழுதிக்கொள்ளவும் யாரும் பெரிதாக முயலவில்லை.

ஒன்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். ஜப்பானிய ராணுவமே 1944-ல் காஞ்சனபுரியில், பாலத்திலிருந்து அதிக தூரம் இல்லாத இடத்தில், இறந்தவர்களுக்காக ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதில் தமிழ் வாசகமும் உண்டு. கொன்றவர்கள் வைத்த கல் என்று கோபம் வரும், வரட்டும். ஆனால் அங்கே தமிழர் இறந்தார்கள் என்பதற்கு அந்தக் காலத்திலேயே செதுக்கப்பட்ட சாட்சி அது.

படத்துல வர்ற அந்தப் பாலத்தை நம்ம ஆளுங்கதான் கட்டினாங்களா?

1957-ல் வந்த "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்" என்ற ஆங்கிலப் படத்தைச் சொல்கிறீர்கள். அது கற்பனைக் கதை. படம் பிடித்ததும் இலங்கையில். உண்மையில் அங்கே இரண்டு பாலங்கள் இருந்தன, ஒன்று மரம், ஒன்று இரும்பு. கைதிகளும் ஆசியத் தொழிலாளரும் பாதையின் பல பகுதிகளில் வேலை செய்தார்கள். படம் புகழ் பெற்றபின் வந்த பயணிகள் "க்வாய் ஆறு எங்கே" என்று கேட்கவே, தாய்லாந்துக்காரர்கள் 1960 வாக்கில் ஆற்றின் அந்தப் பகுதிக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். சினிமாவைப் பார்த்து ஆறு பெயர் மாறியது. நூறு வருடம் கழித்து ஒருவர் பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் வைத்துக்கொண்டு எவ்வளவு குழம்புவார், யோசித்துப் பாருங்கள்.

ஜப்பான் நஷ்டஈடு கோடிக்கணக்குல கொடுத்துச்சாமே, நம்ம காசை யாரு எடுத்தா?

வாட்ஸாப்பில் சுற்றும் பெரிய தொகைகளுக்கு ஆதாரம் காட்டியவர் எவரையும் நான் சந்திக்கவில்லை. ஆவணத்தில் இருப்பது 1967 செப்டம்பரில் மலேசியாவும் ஜப்பானும் செய்த ஒப்பந்தம்: 25 மில்லியன் வெள்ளி (மலேசிய டாலர்) மதிப்புக்குப் பொருளும் சேவையும். அது போர்க்காலக் கொடுமைகளுக்காக எழுந்த கோரிக்கையின் முடிவாக அரசுக்கு வந்தது. ரயில்பாதைக்குப் போன குடும்பங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்த பணம் அல்ல. அந்தக் குடும்பங்களுக்கு நியாயம் கிடைத்ததா என்றால், இல்லை என்பதுதான் என் எண்ணம். அதைச் சொல்ல இல்லாத தொகை எதற்கு?

எங்க தாத்தா சொன்னதும் புத்தகமும் ஒத்துப்போகல. யாரை நம்புறது?

எதைப் பற்றிச் சொன்னார் என்பதைப் பொறுத்தது. அவர் கண்ணால் பார்த்தது, அவர் காதால் கேட்டது, பிறகு அவர் படித்தோ படத்தில் பார்த்தோ சேர்த்துக்கொண்டது, இந்த மூன்றும் எண்பது வயதில் ஒரே நினைவாகக் கலந்திருக்கும். மரவள்ளிக்கிழங்கு தின்று வயிறு எப்படி இருந்தது, சாக்கை வெட்டி எப்படி உடுத்தினார்கள், எந்த மரத்தடியில் ஆளை இறக்கினார்கள் என்பதில் தாத்தாவை நம்புங்கள். எந்தப் படை, எந்தத் தளபதி, எந்தத் தேதி என்பதில் புத்தகத்தைப் பாருங்கள். டோக்கியோ நேரத்தைப் பற்றி மேலே சொன்னது ஞாபகம் இருக்கிறதா? தவறுபோலத் தெரிந்தது தவறில்லாமல் போகலாம். அதனால் முதலில் அப்படியே எழுதுங்கள், திருத்துவதைப் பிறகு பார்க்கலாம்.

புத்தகத்துக்கும் கண் ஒரு பக்கம்தான். இங்கிருந்து சயாமுக்குப் போன சகோதரர்களைப் பற்றிப் பல குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். கூடவே வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகளின் குறிப்புகளில் தமிழர் வருவார்கள்: தூரத்தில் ஒரு கூட்டமாக, நோயாக, நாற்றமாக. இரக்கத்தோடுதான் எழுதியிருப்பார்கள், ஆனால் மொழி தெரியாது. அந்தக் கூட்டத்தில் யார் பாட்டுக் கட்டினார், யார் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார் என்று அவர்களால் எழுத முடியாது. அது தாத்தாவிடம் மட்டும்தான் கிடைக்கும்.

இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் உண்மை என்று நினைப்பதிலும் கவனம் வேண்டும். ஒரே தோட்டத்தில் முப்பது வருடம் ஒரே கதையைப் பேசிக்கொண்டவர்கள் இரண்டு சாட்சிகள் ஆகமாட்டார்கள். வேறு தோட்டத்தில், அவரைத் தெரியாத ஒருவர் அதையே சொன்னால் அப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

கங்காணியும் கிராணியும்தான் ஆளைப் புடிச்சுக் கொடுத்தாங்கன்னு சொல்றாங்க. அந்தக் குடும்பங்க இன்னும் இங்கதானே இருக்கு?

இதை எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். கங்காணி தோட்டத்து ஆட்களை மேற்பார்த்தவர், கிராணி ஆபீஸ் கணக்கர். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஜப்பானியர் கேட்டார்கள். பெயர் எழுதியவர்கள் தோட்டத்து ஆட்கள்தான், வேறு யாருக்கு லயத்தில் யார் இருக்கிறார் என்று தெரியும்? வேண்டாதவனை அனுப்பி வேண்டியவனை நிறுத்திக்கொண்டவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். முந்தின இரவே ஆள் விட்டுக் காட்டுக்குள் ஓடச் சொன்னவர்களைப் பற்றியும், தன் ஆட்களோடு தானும் போய்த் திரும்பாதவர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். ஒரே மனிதர் ஒரு மாதம் ஒன்றும் அடுத்த மாதம் வேறொன்றும் செய்திருக்கலாம்.

மறைக்கச் சொல்கிறேனா? இல்லை. இப்படி நடந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்; அதை விட்டுவிட்டு எல்லாக் குற்றத்தையும் ஜப்பான்காரன் தலையில் மட்டும் போடுவது பாதி வரலாறு. ஆனால் குறிப்பிட்ட ஒருவர் பெயரை எழுத, அவரை நேரில் பார்த்தவர், ஒருவரையொருவர் அறியாத இருவராவது வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அவர் பேரப்பிள்ளைகளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. பள்ளியில் ஒரு பையனைப் பார்த்து இன்னொரு பையன் "உன் பாட்டன்தான்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டபோது மனசு ரொம்பச் சங்கடப்பட்டது.

ஐ.என்.ஏ.ல சேர்ந்தவங்க தியாகியா, ஜப்பானுக்குத் துணை போனவங்களா?

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து, ஜப்பான் ஆதரவோடு பிரிட்டிஷாரை எதிர்த்த ஐ.என்.ஏ.வை, அதாவது இந்திய தேசிய ராணுவத்தை, கையில் எடுத்தார். அக்டோபரில் ஜான்சி ராணி படை தொடங்கியது, கேப்டன் லட்சுமி தலைமையில். நம் தோட்டங்களிலிருந்து பெண்கள், சில சமயம் பதினாறு பதினேழு வயதில், போய்ச் சேர்ந்தார்கள். லயத்தில் பிறந்து துரையைக் கண்டால் ஒதுங்கி நின்ற பெண் கையில் துப்பாக்கி பிடித்தாள். அது என்ன உணர்வு என்று கேட்டவர்களிடம் அவர்கள் சொன்ன பதில்களில் இன்னும் சூடு இருக்கிறது.

சயாமுக்குப் போகாமல் தப்பவும் ஐ.என்.ஏ. ஒரு வழியாக இருந்தது. அதையும் சேர்ந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். சோறு கிடைக்கும் என்று போனவர்களும் உண்டு. ஒரே ஆளுக்குள் தேசப்பற்று, பசி, பயம் மூன்றும் இருந்திருக்கும். எதற்கு எத்தனை பங்கு என்று இன்று நம்மால் பிரிக்க முடியாது, ஒருவேளை அவராலேயே முடிந்திருக்காது. ஒரு மனிதர் என்ன செய்தார் என்பதை வரலாற்றால் ஓரளவு சொல்ல முடியும். எந்த மனசோடு செய்தார் என்று கேட்டால் அது தடுமாறத்தான் செய்யும்.

சரி, நேதாஜி விமான விபத்துல செத்தாரா இல்லையா? ஒரே பதில் வேணும்.

என் பதில்: 1945 ஆகஸ்ட் 18-ல் தைபேயில் நடந்த விபத்தில் இறந்தார். கூடப் போய் உயிர்பிழைத்த ஹபிபுர் ரஹ்மானின் சாட்சியும், மருத்துவமனைச் சாட்சிகளும் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. இந்தியாவில் 1956-ல் ஷா நவாஸ் குழுவும், பிறகு 1974-ல் முடிந்த கோஸ்லா ஆணையமும் அதையே ஏற்றன. 1999-ல் அமைத்த முகர்ஜி ஆணையம் மட்டும் விபத்தில் இறக்கவில்லை என்றது; அரசு 2006-ல் அதை ஏற்க மறுத்தது.

மூன்று விசாரணை நடந்தும் நம் ஊரில் ஒரு பெரியவர், "அவர் சாகல" என்று கண்ணீரோடு சொன்னார். அவரோடு நான் வாதாடவில்லை. சாட்சிகள் எந்தப் பக்கம் கனமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நின்று பேசுவேன். ஒரு கிழவரின் நம்பிக்கையைப் பிடுங்குவது என் வேலை இல்லை. பாடவேலை எழுதும் பிள்ளைகள் மட்டும் மூன்று அறிக்கையையும் குறிப்பிட்டுவிட்டுத் தங்கள் முடிவை எழுதட்டும்.

ஜெயிச்சவன் எழுதுறதுதானே வரலாறு? அப்புறம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க?

மலாயாவில் அது அப்படி நடக்கவில்லை. 1942-ல் தோற்றது பிரிட்டிஷார். அந்தத் தோல்வியைப் பற்றி அதிகம் எழுதியதும் அவர்களே. சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலின் அறிக்கையே 1948-ல் அச்சாகி வந்தது. தோற்றவனிடமும் காகிதம் இருந்தது, அச்சகம் இருந்தது. நம் பாட்டன்மார்களிடம் இல்லாதது அதுதான்.

அதிகாரம் எழுதியது அப்படியே நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது. இங்கிருந்து தெற்கே, சிலாங்கூரில், பத்தாங் காலி பக்கத்து ஒரு ரப்பர் தோட்டத்தில் 1948 டிசம்பர் 12-ல் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதம் இல்லாத 24 சீனர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கிய வருடம் அது. தப்பி ஓட முயன்றார்கள், சுட்டோம் என்பது அரசுத் தரப்பு. இருபது வருடம் கழித்துச் சுட்டவர்களில் சிலரே அது பொய் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் போலீஸ் விசாரணை 1970-ல் பாதியில் நின்றது. குடும்பத்தார் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2015-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ரொம்பக் காலம் ஆகிவிட்டது என்ற அடிப்படையில், பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்துவிட்டது.

இதில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள். அரசு சொன்னதை இன்று யாரும் அப்படியே நம்புவதில்லை. அந்த 24 பேர் பயங்கரவாதிகள் என்ற பழி நீங்கிவிட்டது. ஆனால் யார் உத்தரவு கொடுத்தது என்று சத்தியப் பிரமாணத்தோடு கேட்டுப் பதிவு செய்த விசாரணை நடக்கவே இல்லை, சம்பந்தப்பட்டவர்களும் அநேகமாக இறந்துவிட்டார்கள். முழு உண்மை கிடைக்காது என்பதும், பொய்யைப் பொய் என்று காட்ட முடியும் என்பதும் ஒரே வழக்கில் இருக்கின்றன. நான் மெனக்கெடுவது அந்த இரண்டாவதற்காக.

போரைப் படிச்சா என்ன பாடம்? அடுத்த போரைத் தடுக்க முடியுமா?

"இனி ஒருபோதும் வேண்டாம்" என்று பலகையில் எழுதிவைப்பதோடு நிறுத்திக்கொள்வதை நான் பாடம் என்று எடுத்துக்கொள்வதில்லை. சிலிம் ரிவரில் நான்கு டாங்கி எதிர்ப்பு பீரங்கி கூடுதலாக இருந்திருந்தால் கோலாலம்பூர் தப்பியிருக்குமா? யாருக்கும் தெரியாது. வரலாற்றை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க முடியாது. "இப்படிச் செய்திருந்தால்" என்று அடித்துப் பேசுபவர்களை அதனால்தான் நான் நம்புவதில்லை.

பாடம் தெரிந்திருந்தாலும் பயன்படாமல் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1937-ல் மலாயாவின் பிரிட்டிஷ் படைத்தலைவர் ஜெனரல் டாபியின் கீழ் நடந்த ஆய்வு, வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் மலாயாவின் கிழக்குக் கரையில் எதிரி இறங்க முடியும், சிங்கப்பூருக்கு ஆபத்து வடக்கிலிருந்து வரும் என்று எச்சரித்தது. அந்த ஆய்வில் வேலை செய்த அதிகாரி யார் தெரியுமா? பெர்சிவல். 1942 பிப்ரவரி 15-ல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்த அதே பெர்சிவல். அறிவு இருந்தது. அதற்குக் கொடுக்க விமானமும் பணமும் லண்டனில் இல்லை, அல்லது வேறு இடத்துக்குப் போயின.

சின்ன அளவில் பாடங்கள் உண்டு, அவற்றை நான் உறுதியாகச் சொல்வேன். போருக்கு முன் மலாயா சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. கப்பல் நின்றதும் ரப்பரைத் தின்ன முடியவில்லை, மரவள்ளி நட்டார்கள். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு 1945-ல் வெறும் காகிதமானது. இன்னொரு பாடம், பட்டியலில் இல்லாதவர் இறந்தால் இறந்ததாகவே கணக்கில் வரமாட்டார். இன்று நம் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு ஒழுங்கான பத்திரம் இருக்கிறது என்று பார்த்தால், எண்பது வருடத்துப் பழைய கதை என்று இதைத் தள்ள மாட்டீர்கள்.

எங்க கொள்ளுத்தாத்தா பேரை எங்க தேடுறது?

சிப்பாயாக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம், இணையத்தில் இருக்கிறது. தைப்பிங் போர்க் கல்லறையில் இந்திய வீரர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அங்கே கிடப்பவர்களில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள், 24,000-க்கு மேல், சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவரில் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளியாகச் சயாம் போனவர் என்றால் இந்தப் பட்டியல்களில் இருக்கமாட்டார், காரணம் மேலே சொன்னதுதான்.

அவருக்கு வேறு வழியில் போக வேண்டும். தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு (தகப்பன் பெயருக்கு எதிரே "இல்லை" என்று 1946-ல் எழுதியிருந்தால் அதுவே ஒரு தடயம்), கோயில் வரிக் கணக்கு, பாட்டியின் மறுமணப் பதிவு, இந்தியாவிலிருந்து வந்த கடிதங்கள். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் இலாகாக் கோப்புகளைக் கேளுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஆக்கிரமிப்புக் கால நேர்காணல்கள் நிறைய உண்டு. 1950, 60-களில் தோட்டத் துண்டாடல் (பெரிய தோட்டங்களைப் பிரித்து விற்பது) நடந்தபோது பல தோட்டங்களின் பழைய பேரேடுகள் ஆபீஸோடு சேர்ந்து போய்விட்டன. அதனால் உங்கள் தோட்டத்துக் கிராணி வீட்டுப் பரணில் ஏதாவது கிடந்தால் எரித்துவிட வேண்டாம் என்று அந்த வீட்டாரிடம் மரியாதையாகச் சொல்லிவையுங்கள்.

பாட்டி அதைப் பத்திப் பேசவே மாட்டேங்குறாங்க. எப்படிக் கேக்குறது, எப்படி எழுதுறது?

பேச விரும்பாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். போர்க்காலத்தில் பெண்களுக்கு நடந்தவற்றில் பேரப்பிள்ளையிடம் சொல்ல முடியாதவை உண்டு, அவர் மௌனத்துக்கு அவருக்கு உரிமை இருக்கிறது. "ஜப்பான்காரன் என்ன செஞ்சான்?" என்று தொடங்காதீர்கள். "அப்ப என்ன சமைச்சீங்க, பாட்டி?" என்று தொடங்குங்கள். சோற்றிலிருந்து பேச்சு தானாக வரும், அல்லது வராது. அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது, ஆகவே அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

எழுதும்போது யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது, பக்கத்தில் யார் இருந்தார் என்று மேலே போடுங்கள். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பாட்டி சொல்வது மாறும். அவர் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் வேறுவேறு பத்தியில் எழுதுங்கள். நீங்கள் ஊகித்ததை அடைப்புக்குறிக்குள் போட்டு உங்கள் பெயரையும் எழுதுங்கள். அவர் சொன்ன சொல்லை மாற்ற வேண்டாம்; "தெரியல" என்று சொன்ன இடத்திலும் "தெரியல" என்றே எழுதுங்கள். போனில் பதிவு செய்தால் இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். ஒரு பிரதியை என்னிடம் கொடுக்க விரும்பினால் பாட்டியிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். வெளியில் சொல்லக்கூடாத பெயர்கள் எவை என்று அவரே குறித்துத் தந்தால் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்வேன்.